மோட்டார் ரூமில் குண்டான்

அத்தியாயம் 14

கோகிலவாணி கேட்ட கேள்விக்கு அவள் மாமனார் ஸ்தனிஸ்லாஸ் என்ன பதில் சொன்னார் என்று போன வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தீர்களா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும், கோயில் வாசலில் யாரோடும் நின்று பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டிக்குப் போய் மாட்டுக்கறி வாங்கி வந்துவிட்டார். அந்த மனுஷர் எப்போதுமே அப்படித்தான். வாயால் சொல்ல வேண்டியதைக் கையால் செய்துவிட்டு, எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வாரம்தான் படிக்க வந்திருப்பவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோகிலவாணி கடத்தூர்ப் பக்கம் தக்காளி போடும் வீரமணியின் ஒரே மகள். ஃபிராங்க்ளினைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, மாதா கோயில் தெருவில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்தாள். "இனிமே நீ யாரோ, நான் யாரோ" என்று சொன்ன அப்பா அதோடு சரி. பேத்தி பிறந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கொல்லையில் விறகடுப்பு எரியும். ஸ்தனிஸ்லாஸ் தன் கையால் மாட்டுக்கறி சமைப்பார். கோகிலவாணி மருமகளாகக் கால் வைத்த வாரத்திலிருந்து அந்த அடுப்பு எரியவில்லை. அவளுக்கு ஒவ்வாதே என்று எல்லாரும் பேசி வைத்தாற்போல் நிறுத்திவிட்டார்கள். யாரும் அவளிடம் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி வாய்தவறிச் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. உடனே மாமனாரிடம் போய்க் கேட்டாள்.

"எனக்காக எதுக்கு மாமா அடுப்ப அணைச்சீங்க? நான் என்ன இந்த வூட்டுக்கு விருந்தாளியா?"

போன வாரம் இந்தக் கேள்வியோடுதான் நிறுத்தியிருந்தோம்.

அடுப்பு மூட்ட இன்னொரு காரணமும் இருந்தது. ஒன்பது மாதக் குழந்தை மோனிஷா காய்ச்சலில் படுத்து, தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறாள். காய்ச்சல் போய்விட்டது. பசி மட்டும் திரும்பி வரவில்லை. எதைக் கொடுத்தாலும் துப்பினாள். கன்னம் வற்றிப்போய், கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. "வெறும் கஞ்சியே குடுத்துட்டு இருக்காதீங்க. கறிய நல்லா கொழைய வேகவெச்சி, காய்கறியோட மசிச்சிக் குடுங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

சின்ன வெங்காயம் உரித்தது மாமியார் மதலேனம்மாள். இஞ்சி நசுக்கியது ஃபிராங்க்ளின். ஓசூர் கம்பெனியில் வாரம் முழுக்க மிஷினோடு மல்லுக்கட்டுகிறவன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அப்பாவுக்கு எடுபிடி.

"குக்கர்ல போட்டா அஞ்சாறு விசில்ல முடிஞ்சிடும்பா."

"முடிஞ்சிடும். அப்புறம் கறி தனியா, தண்ணி தனியா நிக்கும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "இஷ்டுக்கு அவசரம் ஆவாது. சாறு மெதுவா எறங்கணும்."

ஸ்டூ என்பதை அவர் இஷ்டு என்றுதான் சொல்வார். சிஸ்டர்மார்களின் மடத்தில் வண்டி ஓட்டிய காலத்தில், சமையல்கட்டு வாசலில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டது. மிளகாய்த்தூள் கிடையாது, தேங்காய் கிடையாது. கறி, வெங்காயம், இஞ்சி, ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் கிராம்பு, அவ்வளவுதான். கருவேலங்கட்டைத் தணலைக் குறைத்து வைத்து, மேலே வரும் நுரையை அள்ளிப் போட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். கறி மெத்தென்று ஆன பிறகுதான் கேரட்டும் உருளைக்கிழங்கும் உள்ளே போகும். குழந்தைக்கு எடுத்து வைத்த பிறகுதான் உப்பும் மிளகும்.

கோகிலவாணி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கொல்லைவாசல் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை அவளுக்குப் புதுசு. பிடித்திருக்கிறதா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, தணலைத் தள்ளித் தள்ளிவிடும் மாமனாரின் முகத்தில் இருந்த சந்தோஷம் ரொம்பப் பிடித்திருந்தது. இத்தனை மாதமாக இந்த முகத்தை நான் பார்த்ததே இல்லையே என்று நினைத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் 'அப்பா' என்று வந்தது. அந்தப் பெயரை அழிக்க அவளுக்கு மனசு வந்ததே இல்லை.

"அப்பா?"

அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம். யாரோ கூடை வியாபாரி கத்திக்கொண்டிருந்தான். அதற்கு நடுவில் வீரமணியின் குரல், கணக்காகப் பேசுவதுபோல் வந்தது.

"பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். வண்டியிலதான் வந்தேன். புள்ளைக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னாங்க. வூட்டுக்கு எப்படி வரணும்?"

அவள் வழி சொன்னாள். எப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. போனை வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"எங்கப்பா வர்றாரு."

"மாதாவே!" என்று மதலேனம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஃபிராங்க்ளின் சட்டையைத் தேடினான். ஸ்தனிஸ்லாஸ் சிரித்தார். எல்லாருக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷம்தான். அப்புறம் நான்கு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பார்த்தார்கள். குண்டான் மூடி, மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது.

வீரமணி கோழி, ஆடு எல்லாம் சாப்பிடுகிறவர்தான். மாடு வேறு. பொங்கலுக்கு வீட்டு மாடுகளின் கொம்புக்குத் தானே வர்ணம் அடிப்பார். ஒரு பசு நோயில் செத்தபோது, தொழுவத்திலேயே உட்கார்ந்து அழுது, அன்றைக்குச் சோறு தண்ணி தொடவில்லை. பிணங்கிப் போன அப்பா முதல்முறையாக வாசல் ஏறும் நேரத்தில் இந்த வீட்டில் இதுதானா வேக வேண்டும்? மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த வழியே திரும்பினால், அப்புறம் இந்த ஜென்மத்தில் வர மாட்டார்.

"சாம்பிராணி போட்டுடலாமா?" என்றாள் மதலேனம்மாள்.

"அப்புறம் சாம்பிராணி போட்ட மாட்டுக்கறி வாசனை வரும்மா" என்றான் ஃபிராங்க்ளின்.

"ஆரோக்கியமேரி அடுப்புக்கு மாத்திடலாமா?"

"அவங்க பூட்டிட்டுப் பொம்மிடி போயிருக்காங்க."

ஸ்தனிஸ்லாஸ் மருமகளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. என்ன பண்ணலாம்?"

"எங்கயாவது கண்ணுக்குத் தெரியாம வெச்சிடலாம் மாமா" என்றாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. போன வாரம் அடுப்பை ஏன் அணைத்தீர்கள் என்று சண்டைக்கு நின்றவளும் இவள்தான்.

"அதுவும் செரிதாம்மா" என்று கட்டைகளை வெளியே இழுத்தார் ஸ்தனிஸ்லாஸ். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஈரத்துணியைப் பிடித்து அப்பாவும் மகனும் குண்டானைத் தூக்கிக்கொண்டு கிணற்றடி மோட்டார் ரூமுக்குப் போனார்கள். போய் வைத்த கையோடு, வீரமணியை எதிர்கொண்டு கூட்டிவர ஃபிராங்க்ளின் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மதலேனம்மாள் ரசம் வைக்க உள்ளே ஓடினாள்.

குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, கோகிலவாணி மோட்டார் ரூமை எட்டிப் பார்த்தாள். உள்ளே கிரீஸ் நாற்றம். ஹோஸ் பைப் சுருளுக்கும் மருந்தடிக்கும் டேங்குக்கும் நடுவில், தரையில் குண்டான். ஸ்தனிஸ்லாஸ் குந்தி உட்கார்ந்து, சூடு போகாமல் இருக்கக் கோணிப்பையை அதன் மேல் இழுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்திவிடுகிற பக்குவத்தில் செய்தார்.

"நடுவுல தணல் நின்னா கறி வெறைச்சிக்கும்" என்றார், அவள் வந்ததைப் பார்த்துவிட்டு. "பாப்பாவுக்கு மெல்ல முடியாது. அதான்."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. ஒன்றரை வருஷமாக எனக்காக வாயைக் கட்டிய மனுஷர், இன்றைக்குச் சொந்த வீட்டில் சொந்தக் குண்டானைத் திருட்டுச் சாமான்போல் ஒளித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் என் பேச்சைக் கேட்டு. வெட்கமாக இருந்தது. தன் மேலேயே கோபம் வந்தது.

"தூக்குங்க மாமா. அடுப்புக்கே கொண்டு போவலாம்."

"உங்கப்பா வர்றாரேம்மா."

"வரட்டும். நாம இங்க களவாணித்தனம் பண்ணிட்டு, நான் நல்லா இருக்கேன்பான்னு அவர்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சிட்டுச் சொல்லுவேன்? ஒரு பக்கம் புடிங்க."

அவர் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பக்கம் பிடித்தார். கனமான குண்டான். ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு, சாறு தளும்பாமல், கோழிகளை விலக்கிக்கொண்டு இருவரும் பாதிக் கொல்லை வந்திருப்பார்கள். முன்னால் பைக்கும் பின்னால் டிவிஎஸ் வண்டியும் பக்கவாட்டுக் கேட்டில் நுழைந்து நின்றன.

கோகிலவாணி அப்படியே நின்றுவிட்டாள். கன்னத்தில் கரி, கையில் குண்டான். அப்பாவுக்குத் தலை நிறைய நரைத்துவிட்டது. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். மூடி இடுக்கில் ஆவி கிளம்பி நேரே அவர் பக்கம் போனது. அவர் மூக்கு லேசாகச் சுருங்கியதை அவள் பார்த்தாள்.

"வாங்கப்பா."

"எறக்கி வெய்யி மொதல்ல. கை சுடப் போவுது" என்றார் வீரமணி.

இறக்கி வைக்கவில்லை. அடுப்பில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் தணலை ஊதிவிட்டு, பக்கத்துச் சட்டியில் கொதித்திருந்த வெந்நீரைக் கொஞ்சம் ஊற்றி மூடினார். ஃபிராங்க்ளின் கொய்யா மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டான். வீரமணி நுனியில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு சீப்பு வாழைப்பழமும் இருந்தன.

"வூட்ல சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பினேன். ஒண்ணும் கொண்டார முடியல" என்று யாருக்கென்று இல்லாமல் நீட்டினார்.

மதலேனம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பதாங்க குடிச்சேன்" என்றார். காப்பி கொண்டுவந்தாள். "வேணாங்க." குழந்தையைக் காட்டினாள். வாங்கிக்கொள்ளவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். "எளைச்சிருக்குது" என்று மட்டும் சொன்னார். மோனிஷா அவர் மீசையை முறைத்தாள்.

கோகிலவாணி காப்பி டம்ளரைத் திருப்பி எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எழுந்து போகத்தான் நேரம் பார்க்கிறார். தானே குண்டானை எடுத்துவரச் சொல்லித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமோ என்று அழுகையாக வந்தது. ஜன்னல் வழியே வெளியில் பேசுவது கேட்டது.

"வெறகு வேலமரங்களா?" இது அப்பா.

"கருவேலங்க. நின்னு எரியும்."

அப்புறம் ஸ்தனிஸ்லாஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. அடுப்புல இருக்கறது மாட்டுக்கறி. பாப்பாவுக்கு ஒடம்பு தேறணும்னு வெச்சேன். நீங்க வர்றது தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா இன்னிக்கி வெச்சிருக்க மாட்டேன்."

"எம்பொண்ணு திங்குதுங்களா?"

"இல்லீங்க. நாங்க தின்னச் சொன்னதும் இல்ல. அது வந்த வாரத்துலருந்து இந்த வூட்ல இதை ஆக்கறதே இல்லீங்க. எம் பையன்கூட வெளிய போயித்தான் சாப்புட்டான். போன வாரம் அதுவா வந்து, ஏன் மாமா நிறுத்துனீங்கன்னு கேட்டுச்சி. அதுக்கப்புறந்தான் இன்னிக்கி மூட்டுனேன்."

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கோகிலவாணி பார்த்தாள். அப்பா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். என் மகள் யார் வீட்டிலோ போய் விழுந்துவிட்டாள் என்றுதான் அவர் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். அவளுக்காக ஒரு குடும்பமே வாயைக் கட்டியிருக்கும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

"ஒரு கட்டைய உள்ள தள்ளுங்க. தணல் பத்தல" என்றார்.

கறி வெந்து, கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டு, அவையும் குழைந்தன. ஸ்தனிஸ்லாஸ் குழந்தைக்கென்று ஒரு கிண்ணத்தில் எடுத்து, கறியை நார் நாராகப் பிரித்து, கிழங்கோடு சேர்த்து மசித்து, மேலே இரண்டு கரண்டி சாறு விட்டார். கோகிலவாணி ஊதி ஊதி ஆறவைத்து, ஸ்பூனில் எடுத்துக் குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள்.

மோனிஷா வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

மதலேனம்மாள் காக்காவைக் காட்டினாள். காக்கா பறந்துபோனது. ஃபிராங்க்ளின் ஸ்பூனை விமானமாக்கினான். வாய்க்குள் இறங்கிய விமானம் அப்படியே அவன் சட்டையில் வந்து விழுந்தது. குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. "ஒரே ஒரு வாய்டா தங்கம்" என்று கெஞ்சிக் கெஞ்சிக் கோகிலவாணிக்கே அழுகை வந்துவிட்டது. காலையிலிருந்து இந்தக் குண்டானுக்குப் பட்ட பாடெல்லாம் இந்த ஒரு வாய்க்குத்தானே!

வீரமணி நாற்காலியில் அசைந்தார். எழுந்தார். வண்டிப் பக்கம் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் தொட்டிப் பக்கம் போய், சோப்புப் போட்டுக் கையை முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டு வந்தார்.

"இங்க குடு."

"அப்பா, அது..."

"தெரியும். குடு."

குழந்தையை வாங்கி மடியில் சாய்த்துக்கொண்டார். அது அழுகையை நிறுத்தி, மறுபடி மீசையை முறைத்தது. கிண்ணத்தை வாங்கி இன்னொரு தொடையில் வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்தார். கேரட் நிறத்துக்கு நடுவில் கறி நார்கள் பழுப்பாகத் தெரிந்தன. ஒரு நிமிஷம் அவர் கை கிண்ணத்துக்கு மேலேயே நின்றது.

"எலும்பு கிலும்பு இல்லியே சம்மந்தி?" என்றார்.

ஸ்தனிஸ்லாஸ் இல்லை என்று தலையை ஆட்டினார். மதலேனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவர் தலையாட்டியது போதவில்லை போலிருக்கிறது. வீரமணி ஒரு விரலளவு எடுத்து, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொடிகூடத் தட்டுப்படவில்லை என்று உறுதியான பிறகு, பேத்தியின் கீழுதட்டில் மெல்லத் தடவினார். மோனிஷா நாக்கை நீட்டி நக்கினாள். யோசித்தாள். அப்புறம் அவர் விரலையே பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஸ்பூனு வேணாங்குது. சின்னதுல உனக்கும் ஸ்பூனு ஆவாது" என்றார் மகளிடம். அப்புறம் குழந்தையிடம் குனிந்தார். "மெதுவா, மெதுவா. எல்லாம் உனக்குத்தான்."

இரண்டாவது வாய். மூன்றாவது வாய். குழந்தை 'ம்ம் ம்ம்' என்று முனகிக்கொண்டே சாப்பிட்டது. ஃபிராங்க்ளின் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கோகிலவாணி துடைத்துக்கொள்ளவே இல்லை. அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள்.

வீரமணியின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"யாருன்னு பாரு."

அவள் எடுத்துப் பார்த்தாள். தீர்த்தம்மாள் என்று அம்மாவின் பெயர் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்பாவாவது யாரோ என்றார். அம்மா, எனக்குப் பெண்ணே பிறக்கவில்லை என்று ஊர் நடுவில் சொன்னவள்.

"அம்மாப்பா. கட் பண்ணிடட்டுமா?"

வீரமணி நிமிரவில்லை. கிண்ணத்தின் ஓரத்தை வழித்து அடுத்த வாய் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குக் கட் பண்ற? எங்கையி வேலையா இருக்குது. நீயே எடுத்துப் பேசு."

அவள் பச்சைப் பொத்தானை அழுத்திக் காதில் வைத்தாள்.

"ஏங்க, எங்கதான் இருக்கீங்க?" என்று, அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் குரல் பொரிந்தது. "சோறு ஆறிப்போவுது. போனவரு போனவருதான்."

அடுத்த வாய்க்குத் தாத்தா தாமதம் செய்துவிட்டார் என்று மோனிஷாவுக்குக் கோபம். மடியில் எம்பிக் குதித்து, காலால் உதைத்து, கொல்லையே அதிர ஒரு கத்துக் கத்தினாள்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது.

"கொழந்தை சத்தம் கேக்குதே" என்றாள் தீர்த்தம்மாள் மெதுவாக. "அது யாரு கொழந்தைங்க?"